ஹேமக்: ஊஞ்சலா, தூளியா, ஏணையா?

ஹேமக், பெயர்ச்சொல். இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு துணியின் இரு முனைகளையும் கட்டி, நடுவைத் தொய்யவிட்டு, அதற்குள் ஆள் படுத்துக்கொள்ளும் படுக்கை. முன்பு கயிற்றுவலை, இப்போது பெரும்பாலும் மெல்லிய நைலான் துணி.

அகராதி வேலை இத்துடன் முடிந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரி மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் சுப்ரமண்யாவுக்கோ சக்லேஷ்புராவுக்கோ மலையேறப் போக பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நம்ம பெங்களூர்த் தமிழ்ப் பையன்களைக் கேட்டால் பேச்சில் ‘ஹேமக்’ என்பார்கள், தமிழில் எழுதச் சொன்னால் நூற்றுக்கு தொண்ணூறு பேர் ‘ஊஞ்சல்’ என்று எழுதுவார்கள். அந்த ஊஞ்சல்தான் தப்பு. தூய தமிழ்ப் பிடிவாதத்தில் சொல்லவில்லை. ஊஞ்சல் என்று நினைத்துக்கொண்டு பை கட்டுகிறவர்கள் ராத்திரி குளிரில் நடுங்குகிறார்கள், அதனால் சொல்கிறேன். அது எப்படி என்று பிறகு வருகிறேன், முதலில் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

ஹேமக் ஆங்கிலச் சொல்லே கிடையாது. கரீபியன் தீவுகளில் வாழ்ந்த டைனோ மக்களின் சொல் ‘ஹமாக்கா’. 1492இல் கொலம்பஸ் ஆட்கள் அங்கே போய் இறங்கியபோது, வீட்டுக்குள் மக்கள் பருத்தி வலையைக் கட்டித் தொங்கவிட்டு அதில் படுத்திருப்பதைப் பார்த்தார்கள். ஸ்பானியர்கள் பொருளையும் எடுத்துக்கொண்டார்கள், பெயரையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். டைனோ மொழியிலிருந்து இப்படிப் போன சொற்கள் நிறைய: கனூ, ஹரிக்கேன், பார்பிக்யூ. இதில் பார்பிக்யூ நம் விஷயத்துக்கும் கொஞ்சம் சொந்தம், ஏனென்றால் முதலில் அது கம்புகளால் கட்டிய பரண். அதன்மேல் இறைச்சியையும் வாட்டினார்கள், ஆளும் படுத்துத் தூங்கினார்கள். படுக்கையாக இருந்தது அடுப்பாகிவிட்டது. தமிழில் அதை என்னவென்று சொல்வது என்பது இன்னொரு நாள் சண்டை.

அப்புறம் ஐரோப்பியக் கப்பல்கள் இதைப் பிடித்துக்கொண்டன. ஈரமான, புழு நெளியும் பலகைத் தளத்தில் படுப்பதைவிட உத்தரத்தில் கட்டிய கித்தான் துணியில் படுப்பது எவ்வளவோ மேல். கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் படுத்திருப்பவன் உருண்டு விழமாட்டான். பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களில் ஒரு மாலுமிக்கு ஒதுக்கிய இடம் 14 அங்குல அகலம், அவ்வளவுதான். பக்கத்தில் படுப்பவன் காவலுக்குப் போயிருந்தால் மட்டும் கை காலை நீட்டலாம்.

இந்தச் சொல்லை ஒவ்வொரு மொழியும் கையாண்ட விதம்தான் எனக்குப் பிடித்த பகுதி. ஸ்பானியர்கள் கடன் வாங்கினார்கள். 1500இல் பிரேசிலில் இறங்கிய போர்ச்சுகீசியர்கள் அந்த வேலையே வைத்துக்கொள்ளவில்லை, தங்கள் மீன்வலைக்கு இருந்த ‘ரெடே’ என்ற சொல்லையே போட்டார்கள். பிரேசிலில் இன்றும் அதுதான் பெயர். டச்சுக்காரர்கள் பலே கில்லாடிகள். ‘ஹமாக்கா’ என்பது காதில் விழுந்ததும் அதைத் தங்கள் மொழிச் சொல்போலவே திருகி ‘ஹாங்மாட்’ ஆக்கிவிட்டார்கள். ஹாங் என்றால் தொங்கு, மாட் என்றால் பாய். கேட்பவனுக்கு அது கடன் சொல் என்ற சந்தேகமே வராது. ஜெர்மானியர்களும் அதே வழியில் ‘ஹெங்கமாட்டே’ என்கிறார்கள்.

டச்சுக்காரன் செய்த வேலையை நாமும் செய்திருக்கிறோம். டார்பாலின் என்ற ஆங்கிலச் சொல் நம் வாயில் தார்ப்பாய் ஆகவில்லையா? லாரி மேல் போர்த்துவதைப் பார்த்த யாரோ, தார் பூசிய பாய் என்று தானாகப் பொருள் பண்ணிக்கொண்டார். இன்றைக்கு அதைத் தமிழ் இல்லை என்று சொன்னால் அடிக்க வருவார்கள். ஹேமக் கட்டுகிறவனுக்கு மேலே மழை மறைப்புக்கு வேண்டியதும் ஒரு தார்ப்பாய்தான், ஆகவே அந்தப் பொருளுக்குப் புதுச்சொல் தேட வேண்டிய அவசியமே இல்லை.

இடையில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா நடைபாதைகளைப் பற்றிப் படித்தால் ‘ஹேமக் வழியாகப் பாதை போகிறது’ என்ற மாதிரி வரும். அது நம் படுக்கை இல்லை. சதுப்பு நிலத்தில் கொஞ்சம் மேடாக, மரம் அடர்ந்து நிற்கும் திட்டுக்கு அங்கே அந்தப் பெயர். எழுத்து ஒன்று, பிறப்பு வேறு.

சரி, தமிழுக்கு வருவோம்.

ஊஞ்சல் ஏன் ஆகாது? ஊஞ்சலுக்குப் பலகை உண்டு, சங்கிலியோ கயிறோ உண்டு, உட்கார்ந்து ஆடுவது. பழைய பெயர் ஊசல். சிலப்பதிகாரத்தில் ஊசல்வரி இருக்கிறது, திருவாசகத்தில் திருப்பொன்னூசல் இருக்கிறது, எல்லாமே ஆடுகிற விஷயம். கொங்குப் பக்கம் தூரி என்பதும் இதுதான். ஹேமக்கில் ஆட்டம் முக்கியமில்லை, சொல்லப்போனால் நன்றாகக் கட்டிய ஹேமக்கில் படுத்தால் ஆட்டம் சீக்கிரமே அடங்கிவிட வேண்டும்.

வலைத்தொட்டில், வலைப்படுக்கை என்றும் சிலர் எழுதுகிறார்கள். கடற்கரை விடுதியில் தென்னைக்கு நடுவே கட்டியிருக்கும் கயிற்றுவலைக்கு அது சரி. ஆனால் தோளில் சுமந்து நாள் கணக்கில் நடப்பவனுடையது நெருக்கமாக நெய்த துணி, அதில் வலையே கிடையாது. மேலும் அவனுடைய சாமான் பட்டியலில் கொசுவலை தனியாக உண்டு. ‘வலை எடுத்தாச்சா?’ என்று கேட்டால் எந்த வலை?

அகராதிகளில் தூங்குமஞ்சம் என்று ஒரு அழகான சொல் உண்டு. இதில் வரும் தூங்கு, உறக்கம் இல்லை. பழந்தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதல், அசைதல். உறங்குவதற்குத் துஞ்சு, துயில் என்று வேறு சொற்கள் இருந்தன. தூக்கணாங்குருவி தூங்குமூஞ்சிக் குருவி அல்ல, தொங்கும் கூடு கட்டுகிற குருவி. சோழன் அழித்த தூங்கெயில் என்பது வானில் தொங்கிய கோட்டை. ‘தூங்குக தூங்கிச் செயற்பால’ என்று 672ஆம் குறளில் வள்ளுவர் சொல்வது, நிதானமாகச் செய்ய வேண்டியதை நிதானமாகச் செய் என்று. அல்சூர் ஏரிக்கரையில் அவர் சிலையைக் கடந்து ஆபீஸ் போகிறவர்கள், மேசையில் தூங்குவதற்கு ஐயனே அனுமதி கொடுத்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தொங்குவதிலிருந்து தாமதம் எப்படி வந்தது என்று குழப்பமாக இருந்தால் ‘கேஸ் இன்னும் தொங்கலில் கிடக்கு’ என்று நாம் சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடங்கு அடக்கு, முடங்கு முடக்கு மாதிரி, தூங்குக்கு ஜோடி தூக்கு. தூக்குதல் என்றால் தொங்கவிடுவது, மேலே எடுப்பது, எடை பார்ப்பது என மூன்றும் உண்டு. கன்னடத்தில் ‘தூகு’ இன்றும் ஆட்டுவதற்கும் எடை போடுவதற்கும் புழங்குகிறது. குறைந்த சுமையோடு நடப்பவர்கள் கிளம்புவதற்கு முன் பையைக் கொக்கித் தராசில் தொங்கவிட்டுப் பார்ப்பார்களே, அந்த ஒரு செயலிலேயே தூக்கின் மூன்று பொருளும் இருக்கிறது.

ஆனால் தூங்குமஞ்சம் இன்று எடுபடாது. மஞ்சம் என்றதும் கட்டில் நினைவுக்கு வருகிறது, அதுவும் சினிமாப் பாட்டுக் கட்டில். தொங்குபடுக்கை தப்பில்லாத சொல், ஆனால் ஆபீஸ் மொழிபெயர்ப்பு வாசம் அடிக்கிறது.

மிஞ்சுவது இரண்டு: தூளி, ஏணை. இரண்டுமே குழந்தைக்குச் சேலையில் கட்டுகிற தொட்டில். ஏணை ஈழத்தில் அன்றாடச் சொல், தமிழ்நாட்டிலும் சில பக்கம் உண்டு. தூளி தமிழ்நாட்டில் பரவலாகத் தெரிந்த சொல். இங்கே கன்னடத்தில் ‘ஜோலி’ என்றால் அதே பொருள், ஆகவே குடகில் ஒரு எஸ்டேட்காரரிடம் மரத்தில் ஜோலி கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டால் உடனே புரியும். நான் தூளிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஈழத் தமிழர் ஏணை என்று எழுதட்டும், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

தூளி என்றால் உத்தரத்தில் ஒரே இடத்தில் இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டுவதாயிற்றே, ஹேமக்குக்கு இரண்டு மரம் வேண்டுமே என்று ஒரு ஆட்சேபம் வரும். பெங்களூரில் கட்டட வேலை நடக்கிற எந்த இடத்திலும் எட்டிப் பாருங்கள், இரண்டு சாரக் கம்புகளுக்கு நடுவே சேலையைக் கட்டிப் பிள்ளையைப் போட்டிருப்பார்கள். அதையும் தூளி என்றுதான் சொல்கிறோம். குழந்தைச் சொல்லைப் பெரியவனுக்கு வைப்பதா என்றால், ரோடு இல்லாத மலைக் கிராமங்களில் நோயாளியைக் கம்பில் போர்வை கட்டித் தூக்கிவருவதை இன்றும் செய்திகளில் ‘தொட்டில் கட்டி’ என்றே எழுதுகிறார்கள். அவர்களெல்லாம் பெரியவர்கள்தான்.

இனி, சொல்லால் சுமை எப்படி மாறுகிறது என்ற விஷயம். ஊஞ்சல் என்று நினைப்பவன் துணியை மட்டும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, 300 கிராமில் படுக்கை முடிந்தது என்று சந்தோஷப்படுவான். தூளி என்று நினைத்தால் துணிக்கு மேலே என்ன, கீழே என்ன என்ற கேள்வி தானாக வரும், ஏனென்றால் பிள்ளையை வெறும் தூளியில் யாரும் போடுவதில்லை, அடியில் ஒரு துணியை மடித்துப் போடுவோம். கணக்கு தோராயமாக இப்படி இருக்கும்: துணி 300 கிராம், மரத்தில் சுற்றும் நாடாவும் கயிறும் 150, தார்ப்பாய் 450, கொசுவலை 200, அடிப்போர்வை 450. ஒன்றரை கிலோ ஆயிற்று. ஒரு ஆள் டென்டையும் பாயையும் சேர்த்தால் வருகிற எடையும் இதற்குப் பக்கத்தில்தான். எடை குறையும் என்பதற்காக மட்டும் யாரும் தூளிக்கு மாற வேண்டாம். கல்லும் சரிவும் சேறும் உள்ள இடத்தில் படுக்க இடம் தேட வேண்டியதில்லை என்பதற்காக மாறலாம்.

நெடுந்தூர நடைக்காரர்கள் சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாகப் பையின் எடையைக் கணக்கிடுவார்கள். அது 10 பவுண்டு, அதாவது நாலரை கிலோவுக்குள் இருந்தால்தான் அவர்கள் மொழியில் மிகக்குறைந்த சுமை. எம்மா கேட்வுட் என்ற பாட்டி 1955இல், தன் 67ஆம் வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை முழுவதையும், மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல், தானே தைத்த துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு கேன்வாஸ் ஷூவில் நடந்து முடித்தார். டென்ட் கிடையாது, மழைக்குக் குளியலறைத் திரை. நம் ஆட்கள் இணையத்தில் 10 கிராம் டைட்டானியம் ஸ்பூனுக்குச் சண்டை போடும்போதெல்லாம் எனக்கு அந்தத் திரைதான் நினைவுக்கு வரும்.

அடிப்போர்வை என்று சொன்னேனே, அதுதான் ஊஞ்சல்காரர்கள் விட்டுவிடுகிற சாமான். ஸ்லீப்பிங் பேகின் பஞ்சு நம் உடம்புக்குக் கீழே நசுங்கிவிடும். நசுங்கிய பஞ்சில் காற்று நிற்காது, காற்று நிற்காவிட்டால் சூடும் நிற்காது. தரையில் படுத்தால் பாயாவது இருக்கும், தூளிக்கு அடியிலோ ராத்திரி முழுக்கக் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே போர்வையைத் துணிக்கு வெளியே, அடிப்பக்கமாக, நசுங்காமல் தொங்கவிட வேண்டும். டிசம்பரில் கர்நாடகத்து மலைப்பகுதியான மலநாடு பக்கம் இதில்லாமல் போனால் விடியும்வரை விழித்திருக்கலாம்.

பை கட்டும்போது இன்னொரு சிக்கல். எடை குறைந்த பைகளில் பலவற்றுக்கு உள்ளே விறைப்பான சட்டம் (ஃப்ரேம்) கிடையாது. டென்ட்காரர்கள் படுக்கும் ஃபோம் பாயை மடித்து முதுகுப் பக்கம் செருகி அதையே சட்டமாக்கிக்கொள்வார்கள். தூளிக்காரனிடம் பாய் இல்லை, பை மாவு மூட்டை மாதிரித் தொங்கி இடுப்பில் இடிக்கும். முதுகளவுக்கு வெட்டிய ஒரு ஃபோம் துண்டு போதும். முதுகுக்குச் சட்டம், உட்கார ஆசனம், இறங்கி நின்று உடை மாற்றக் காலடி விரிப்பு, எல்லாம் அதுவே. போர்வைகள் கனத்த பிளாஸ்டிக் பைக்குள் அடியில், அரிசி பருப்பு முதுகை ஒட்டி நடுவில், தூளி அதற்கு மேல். தார்ப்பாய் மட்டும் வெளிப்பையில் இருக்க வேண்டும். மழையில் போய்ச் சேர்ந்தால் முதலில் கட்டுவது அது, கிளம்பும்போது கடைசியில் அவிழ்ப்பதும் அது, நனைந்ததை உள்ளே போட்டால் போர்வையும் காலி.

கட்டும்போது நாடா தரைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்து ஏற வேண்டும். 70 கிலோ ஆள் படுத்தால் அந்தச் சாய்வில் ஒவ்வொரு மரத்துக்கும் ஏறக்குறைய 70 கிலோ இழுவை. விறைப்பாக இருக்கட்டும் என்று 10 பாகைக்கு இழுத்துக் கட்டினால் அதே ஆளுக்கு 200 கிலோ. துணி கிழிவதும் முடிச்சு இறுகி அவிழ்க்க முடியாமல் போவதும் இப்படித்தான். தொய்வாகக் கட்டிவிட்டு, தலையை ஒரு ஓரத்திலும் காலை எதிர் ஓரத்திலும் வைத்துக் குறுக்காகப் படுத்தால் முதுகு வளையாது.

துணைச் சொற்கள் சில. மரத்தில் சுற்றும் பட்டைக்கு மரப்பட்டை என்று எழுதிவிடாதீர்கள், அது மரத்தின் தோல். நாடாக் கட்டில் பின்னுகிற நாடாவேதான் இது, ஆகவே நாடா போதும். அங்குல அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், மெல்லிய கயிறு மரத்தோலை அறுக்கும். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டில் ராத்திரி தங்க முடியாது என்பதால் நம் ஊர் ஆட்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரம்தான், அதில் பாதிக்கு மேல் மிளகுக்கொடி ஏறியிருக்கும். கொடியோடு சேர்த்து நாடாவைச் சுற்றினால் நசுங்குவது தோட்டக்காரரின் அந்த வருஷ வருமானம், அதனால் கொடி இல்லாத மரமாகப் பார்த்துக் கட்டுங்கள்.