புதிய கப்பல் பதிவகத்தின் ஆலோசனைக் குழுவில் மாலுமிக்கு இடம் உண்டா?

போன மழைக்காலத்தில் தூத்துக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர், மும்பை பல்லார்ட் எஸ்டேட்டில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தார். கப்பலில் வேலை பார்த்த ஐந்து மாதச் சம்பளம் பாக்கி. கப்பல் எந்த நாட்டில் பதிவாகி, எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறது என்று கேட்டேன். கைபேசியில் கப்பலின் பின்பக்கப் படத்தைக் காட்டினார். கப்பல் புதிதாகப் பதிவான துறைமுகத்தின் பெயர் வெள்ளைப் பெயின்ட்டில் பளிச்சென்று இருந்தது. அதன் அடியில் பழைய பெயரின் வெல்டிங் எழுத்துகள் புடைத்துத் தெரிந்தன.

"நடுவுலயே கொடி மாறிடுச்சு அண்ணே. எங்ககிட்ட யாரும் சொல்லல."

கப்பலைப் பதிவு செய்து அந்தப் புதுக் கொடியைக் கொடுத்த பதிவகமும் புதிது. மூன்று கடிதம் எழுதியும் பதில் இல்லை. ஆலோசனைக் குழு என்று ஒரு பட்டியல் மட்டும் வைத்திருந்தார்கள். கப்பல் முதலாளிகள், காப்பீட்டுக்காரர்கள், வக்கீல்கள். கப்பலில் வேலை பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

கொடி கொடுப்பது வெறும் முத்திரை குத்தும் வேலை இல்லை. 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் 91-ஆம் பிரிவு, கப்பலுக்கும் கொடி நாட்டுக்கும் உண்மையான தொடர்பு வேண்டும் என்கிறது. கப்பலில் வேலை செய்பவர்களின் நிலைமைக்கும் அந்த நாடே பொறுப்பு என்கிறது 94-ஆம் பிரிவு. 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை அரசு, முதலாளி, மாலுமி என்று மூன்று தரப்பும் சேர்ந்துதான் உருவாக்கினார்கள். அப்படியிருக்க, புதிய பதிவகத்தின் குழுவில் மட்டும் மாலுமி ஏன் இல்லை?

குழு அமைப்பவர்கள் என்னிடம் கேட்டால், மாலுமிகள் சங்கத்துக்கு இரண்டு இடம் கொடுங்கள் என்பேன். ஒருவர் மட்டும் இருந்தால் அவர் குரல் எடுபடாது. அப்புறம், பதிவாகும் கப்பலுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குபவரை, எந்தக் கப்பலைச் சேர்க்கலாம் என்று சொல்லும் இடத்தில் உட்கார வைக்கக் கூடாது. குழுவின் யோசனையைப் பதிவகம் ஏற்கவில்லையா, சரி, காரணத்தை எழுதி வைக்கட்டும். சம்பளப் புகாருக்கு இத்தனை நாளில் பதில் என்பதும் விதியிலேயே இருக்க வேண்டும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று. ஏஜென்ட்டிடம், கப்பலுக்கு ஆள் சேர்க்க இந்திய அரசு கொடுக்கும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரும் கொடியும் மாறினாலும் மாறாத, கப்பலின் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. அடையாள எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கப்பல் விவரங்களைத் தரும் ஈக்வாசிஸ் (Equasis) இணையதளத்தில் அதைத் தட்டினால் கொடி மாறிய கதை இலவசமாகவே கிடைக்கும். முதலாளி மாலுமிகளைக் கைவிட்டுவிட்டால் ஊர் திரும்பும் செலவும் நான்கு மாதம் வரையிலான சம்பளமும் தரும் காப்பீட்டுச் சான்றிதழைக் கப்பலில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். ஏறிய அன்றே அதைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கொடி மாறினால் மறுபடியும் போய்ப் பாருங்கள். இந்தத் தம்பியின் கப்பலில், கடைசி நாள் வரை பழைய கொடியின் சான்றிதழ்தான் அங்கே ஒட்டியிருந்தது.