மண்டபத்துக்கு ஒரு காசு, மேடைக்கு ஒரு காசு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கோயில் நிர்வாகங்களுக்கும் நடனப் பள்ளிகளுக்கும் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். பட்ஜெட் வாசித்த மறுநாள் தொலைபேசி ஓயாது. "கலைக்கு இத்தனை மில்லியன்னு சொல்றாங்களே சார், நம்ம குழுவுக்கு எவ்வளவு வரும்?" சட்டம் எந்தப் பணத்தை எதற்குத் தருகிறது என்று கேட்பவர் குறைவு.

வாஷிங்டன் கென்னடி கலை மையத்தின் கதை இதற்கு நல்ல பாடம். 1958-இல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டம், தேசியக் கலை மையத்துக்கு நிலம் தந்தது. கட்டுகிற செலவைப் பொதுமக்களிடம் திரட்டச் சொன்னது. நன்கொடை நத்தை வேகத்தில் வந்தது. 1963 நவம்பரில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான், 1964 ஜனவரியில் அவர் பெயரில் புதுச் சட்டம் வந்தது. 15.5 மில்லியன் டாலர் மானியம். ஆனால் வெளியே திரட்டும் தொகைக்கு ஈடாகத்தான். கூடவே கடனும் உண்டு. திறப்பு விழா 1971-இல்.

அப்புறம்தான் விஷயமே. கட்டடம் ஒழுகினால் யார் பார்ப்பது? முதலில் அந்த வேலை தேசியப் பூங்காத் துறையிடம் இருந்தது; 1994-இல் சட்டத்தைத் திருத்தி மையத்தின் அறங்காவலர் குழுவிடமே ஒப்படைத்தார்கள். இன்றும் அரசுப் பணம் பெரும்பாலும் கட்டடத்தைப் பராமரிக்கவும் பழுது பார்க்கவும்தான். கலைஞர் சம்பளம், மேடைச் செலவு எல்லாம் டிக்கெட்டிலும் நன்கொடையிலும் வர வேண்டும். இன்னொன்று: அங்கே செலவுக்கு அனுமதி தரும் சட்டம் உச்சவரம்பைத்தான் சொல்லும். கையில் காசு வர ஒதுக்கீட்டுச் சட்டம் தனியாக நிறைவேற வேண்டும்.

நம் நாட்டில் வழி வேறு. கூட்டரசு அரசமைப்பின் 100-ஆவது பிரிவின்படி, அமைச்சுகளின் செலவுக்கு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வழங்கல் மசோதா நிறைவேற வேண்டும். 1999-இல் திறந்த தேசிய அரங்கமான இஸ்தானா புடாயாவின் செலவும் அமைச்சின் ஒதுக்கீட்டில்தான் வருகிறது. நிர்வாகச் செலவு ஒரு கணக்கு, மேம்பாட்டுச் செலவு இன்னொரு கணக்கு. புது மண்டபம் இரண்டாவதில் எழும்பும். அதன் மின்கட்டணம் முதலாவதைத் தேடும்.

தோட்டப்புறத்தில் அடிபடுவது இந்த இடத்தில்தான். அடிக்கல் நாட்டுவதற்கு ஒய்பி (மக்கள் பிரதிநிதி) வருவார், மாதிரிக் காசோலையோடு படம் எடுப்போம். ஏர்கோன் பழுதானால் கோயில் உண்டியலைத்தான் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், பராமரிப்புக்கு வழி சொல்லாத மண்டபத் திட்டத்தை மகாசபைக் கூட்டத்திலேயே நிறுத்தி வைக்கலாம். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

மானியம் கேட்டு எழுதும்போது கட்டடச் செலவையும் நிகழ்ச்சிச் செலவையும் தனித்தனியாகக் காட்டுங்கள். சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போயிருக்க வேண்டும்; வங்கிக் கணக்கு தலைவர் பெயரில் அல்ல, சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். பெரிய நன்கொடையாளர் வரிவிலக்கு ரசீது கேட்பார். வருமான வரிச் சட்டம் 44(6)-இன் கீழ் அங்கீகாரம் இல்லாத சங்கம் அதைத் தர முடியாது. ரசீதில் அப்படி அச்சடித்தும் விடாதீர்கள்.

நிர்வாக ஒதுக்கீட்டில் செலவாகாத பணம் டிசம்பர் 31-உடன் காலாவதியாகிவிடும். ஆகவே பொங்கல் முடிந்த கையோடு கோப்பைத் தயார் செய்யுங்கள். நவம்பரில் கொண்டுவந்து நீட்டினால் நானும் ஒன்றும் செய்ய முடியாது.