ஒழுக்கக்கோவையில் வாங்கிய கையெழுத்து யாருக்குக் கை கொடுக்கிறது?

மட்டக்களப்பில் தொண்டு நிறுவனங்களின் உள்ளகக் கணக்காய்வுதான் என் தொழில். சுனாமிக்குப் பிறகு இங்கே வந்திறங்கிய நிறுவனங்கள் பலவும் ஆளைச் சேர்க்கும் நாளிலேயே, பணியில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் ஒழுக்கக்கோவையில் கையெழுத்து வாங்கிவிடும். அந்தத் தாள் பத்திரமாக இருக்கும். பக்கத்துக் கோப்பைத் திறந்தால் கதை வேறு.

பதாதை அச்சிட மூன்று விலைமனு வேண்டும் என்பது விதி. மூன்றும் இருந்தன, மூன்று கடிதத் தலைப்பு, மூன்று முத்திரை. ஆனால் மூன்றிலும் 'பதாதை', 'பாதாதை' ஆகியிருந்தது. வேலை கிடைத்த அச்சகம் கொள்வனவு அலுவலரின் மச்சானுடையது. ஆரையம்பதிப் பக்கத்து அலுவலகம் ஒன்றிலோ, 2014இல் மண்முனைப் பாலம் திறந்து கொக்கட்டிச்சோலைக்கு வழி குறுகிய பின்னும், அங்கே போன வாகனம் பதிவேட்டில் மட்டும் பழைய நீண்ட வழியில் வவுணதீவைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் கையெழுத்திட்டவர்கள்தான்.

கோவையை வாசித்தால் முடிவுகள் மாறுமா என்று 2018இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 63 மாணவர்கள், 105 மென்பொருள் உருவாக்குநர்கள். சிலருக்கு ஏ.சி.எம். கணினியியல் சங்கத்தின் கோவையைக் காட்டிவிட்டு, வேலையிடத்து அறச் சிக்கல்களைக் கொடுத்து, என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். கோவையைப் பார்க்காதவர்களின் விடைகளிலிருந்து குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனக்கு இதில் வியப்பும் இல்லை. அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரோனின் கோவை 64 பக்கம். கணக்கு மோசடியில் சிக்கி, 2001 டிசம்பரில் அந்த நிறுவனம் வங்குரோத்தானது.

அதற்காகக் கோவையைக் குப்பையில் போடச் சொல்ல மாட்டேன். பட்டயக் கணக்காளர்களுக்கான கோவை சுயலாபத்தையும் மிரட்டலையும் போலவே நெருங்கிய பழக்கத்தையும் தொழில் நேர்மைக்கு ஓர் அச்சுறுத்தலாக வைத்திருக்கிறது. நம் ஊருக்கு அந்த ஒரு வரி போதும். இங்கே மிரட்டுகிறவர் குறைவு. "தம்பி, நம் ஆள்தானே" என்கிறவர்தான் அதிகம். வழங்குநரும் அலுவலரும் ஒரே குடி, ஒரே கோயில். பொங்கலுக்கு வாசலில் இறங்கும் அரிசி மூட்டையையும் எருமைத் தயிர்ச் சட்டியையும் இலஞ்சம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

கோவை வேலை செய்ததையும் கண்டிருக்கிறேன். போகாத பயணத்துக்கான படிச் சீட்டை நீட்டிய முகாமையாளரிடம் இளம் கணக்காளர் ஒருத்தி, "நான் மாட்டேன் என்று சொல்லவில்லை சேர். இதில் ஒப்பமிட்டால் கணக்காளர் சங்கத்தில் என் உறுப்புரிமை போய்விடும்" என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே சீட்டைத் திரும்ப வாங்கினார். எடுக்கத் துணிந்தவர் எந்தக் கோவைக்கும் அஞ்சுவதில்லை. மறுக்க நினைத்தும் வாய் எழாமல் நிற்பவருக்கு அது ஒரு சாட்டு. நாளைக்கும் அதே கோயில் வீதியில் முகம் பார்க்க வேண்டிய ஊரில், பகையில்லாமல் மறுக்க ஒரு சாட்டுக் கிடைப்பது சின்ன விடயமில்லை.

ஆனால் அடுத்த ஆண்டு அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறதா என்று அலுவலகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். புதிய இடத்துக்குக் கணக்காய்வுக்குப் போனால் நானும் அதைத்தான் விசாரிக்கிறேன்: கடைசியாக இங்கே ஒப்பமிட மறுத்தவர் யார், இப்போது எங்கே இருக்கிறார்? தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் மறுப்பை வாயால் மட்டும் சொல்லிவிட்டு வர வேண்டாம். கோவையின் பிரிவு இலக்கத்தோடு மின்னஞ்சலில் எழுதி, திகதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.