சர்க்கரை நோய் உள்ள பூனை: ஏறும் எண்ணைவிட இறங்கும் எண்ணுக்குப் பயப்படுங்கள்

"டாக்டர், இப்பதான் பார்த்தேன், சுகர் 380 காட்டுது. ஒரு யூனிட் கூடப் போட்டுடவா?"

பூனைக்கு வீட்டிலேயே இன்சுலின் போடுகிறவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி இதுதான். என் பதிலும் எப்போதும் ஒன்றுதான்: போடாதீர்கள். பூனை எப்படி இருக்கிறது, சாப்பிட்டதா, வாந்தி எடுத்ததா, அதை முதலில் சொல்லுங்கள்.

380 என்ற எண்ணைப் பார்த்தால் மனம் பதறத்தான் செய்யும். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்து, அந்த எண்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இன்னும் அதிகமாகப் பதறும். ஆனால் நன்றாகச் சாப்பிட்டு, வழக்கம்போல நடமாடும் பூனைக்கு ஒரு மாலை 380 இருப்பதால் அன்றிரவு ஆபத்து எதுவும் வந்துவிடாது. அதே பூனைக்குச் சர்க்கரை 40க்கு இறங்கினால் வலிப்பு வரலாம், சில மணி நேரத்தில் உயிரே போகலாம். கூடிய சர்க்கரையைச் சரிசெய்ய நமக்கு நாட்கள் இருக்கின்றன. குறைந்த சர்க்கரைக்கு நிமிடங்கள்தான். நான் பார்க்கும் பலருக்கு இந்தப் பயம் நேர்மாறாக இருக்கிறது. உயர்ந்த எண்ணைக் கண்டால் கை மருந்துக்குப் போகிறது. தாழ்ந்த எண்ணைக் கண்டால் "நல்லா கட்டுப்பாட்டுக்குள்ள வந்துடுச்சு" என்று நிம்மதி வருகிறது. இந்தக் கட்டுரையை எழுதுவதே அதற்காகத்தான்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. பூனைகளுக்கு வருவது பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைப் போன்றது. உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாது, கணையமும் போதுமான அளவு சுரக்காது. நடுத்தர வயதைத் தாண்டிய, எடை கூடிய, வீட்டுக்குள்ளேயே வளரும், கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கு வாய்ப்பு அதிகம். தோல் அரிப்புக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு கொடுத்த பிறகு தொடங்கும் பூனைகளும் உண்டு. தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகும், மணல் தட்டில் ஈரக்கட்டிகள் பெரிதாகும், நன்றாகச் சாப்பிட்டும் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படும். சில பூனைகள் பின்னங்கால்களின் குதிகால் தரையில் படும்படி தாழ்ந்து நடக்கும். இது நரம்புப் பாதிப்பு. சர்க்கரை கட்டுக்குள் வந்தால் மெல்ல மெல்லச் சரியாகவும் கூடும்.

இப்போது எண்களுக்கு வருவோம். ஆரோக்கியமான பூனையின் இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 80 முதல் 120 மி.கி. வரை இருக்கும். ஆனால் பூனை பயந்தால் அது சட்டென்று ஏறிவிடும். கூடையில் அடைத்து, வண்டியில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் இடத்தில் உட்கார வைத்துப் பார்த்தால், நோயே இல்லாத பூனைக்கும் 300க்கு மேல் காட்டலாம். ஆகவே மருத்துவமனையில் எடுத்த ஒரே ஒரு அளவை வைத்து நோய் என்று முடிவு செய்யக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஃப்ரக்டோசமைன் பரிசோதனை செய்யச் சொல்வோம். கடந்த ஒன்றிரண்டு வாரங்களில் சர்க்கரை பொதுவாக எப்படி இருந்தது என்று அது காட்டும். அன்றைய பயம் அதைப் பாதிக்காது. வீட்டில் பரிசோதிப்பதை நான் வற்புறுத்துவதற்கும் இதுவே காரணம். பழகிய மடியில், பழகிய கையால் எடுக்கும் அளவுதான் பூனையின் உண்மையான அளவுக்குப் பக்கத்தில் இருக்கும்.

பரிசோதிப்பது நினைப்பதைவிட எளிது. காதின் ஓரத்தில் ஒரு மெல்லிய இரத்தக்குழாய் ஓடுகிறது. வெதுவெதுப்பான துணியைக் காதில் சிறிது நேரம் வைத்து, பின்பக்கம் ஒரு பஞ்சைத் தாங்கலாகப் பிடித்து, ஓரமாக லான்செட் என்ற சிறு குத்தூசியால் குத்தினால் ஒரு சிறு துளி இரத்தம் வரும். அது போதும். குத்திய இடத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்துவிட்டு, பூனைக்குப் பிடித்த இறைச்சித் துண்டு ஒன்றைக் கொடுங்கள். சில நாட்களில் பரிசோதனை நேரத்துக்குப் பூனையே வந்து உட்காரும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். முதல் வாரத்தில் இரத்தம் வராத நாட்கள் இருக்கும். ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பக் குத்தாமல் அன்றைக்கு விட்டுவிடுங்கள். பூனைக்கு வெறுப்பு வந்துவிட்டால் மீட்பது கடினம்.

குளுக்கோமீட்டரில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மனிதர்களுக்கான கருவி பூனையின் இரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவுக்கும் சிவப்பணுக்களுக்கும் இடையே சர்க்கரை பிரிந்திருக்கும் விதம் பூனைக்கு வேறு. விலங்குகளுக்கென்று அளவு திருத்திய கருவிகள் கிடைக்கின்றன. முடிந்தால் அதை வாங்குங்கள். எதை வாங்கினாலும் அதே கருவியில் தொடருங்கள், எந்தக் கருவி என்று உங்கள் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். தோலில் ஒட்டி வைக்கும் சென்சார்களையும் இப்போது பூனைகளுக்குப் பயன்படுத்துகிறோம். அவை இரத்தத்தை அளப்பதில்லை, தோலடித் திரவத்தை அளக்கின்றன. அதனால் காட்டும் எண் சில நிமிடங்கள் பின்தங்கியே வரும். சென்சார் தாழ்ந்த எண்ணைக் காட்டினால், பூனை தெளிவாக இருக்கும்பட்சத்தில், காதில் ஒரு துளி எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு எண்ணை மட்டும் வைத்து அளவை மாற்றாதீர்கள் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்சுலின் போட்டதிலிருந்து அடுத்த வேளை வரை சர்க்கரை ஒரு வளைகோடாக இறங்கி ஏறும். ஊசிக்கு முன் 380 இருந்த பூனை, போட்டு ஆறு மணி நேரத்தில் 90க்கு வந்திருக்கலாம். ஊசிக்கு முன் எடுத்த எண்ணை மட்டும் பார்த்து ஒரு யூனிட் கூட்டினால், அந்த 90 எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் ஒரு நாள் முழுக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அடுத்த ஊசி வரை அளந்து எழுதச் சொல்கிறோம். அந்தக் கோட்டில் மிகத் தாழ்ந்த புள்ளி எது என்பதை வைத்துத்தான் இன்சுலின் அளவை முடிவு செய்வோம். அது 80க்கும் 150க்கும் இடையில் இருப்பதை நல்ல நிலை என்று எடுத்துக்கொள்கிறோம். நாள் முழுக்கச் சாதாரண அளவிலேயே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. மாற்றும்போதும் பெரும்பாலும் கால் யூனிட் அல்லது அரை யூனிட்தான் மாற்றுவோம். பிறகு ஒரு வாரம் போலப் பொறுத்துத்தான் மறுபடி பார்ப்போம். பல பூனைகளுக்குத் தொடக்க அளவே வேளைக்கு ஒரு யூனிட் என்ற அளவில்தான் இருக்கும். அங்கே ஒரு யூனிட் கூட்டுவது என்றால் மருந்தை இரட்டிப்பாக்குவது.

அடுத்து சிரிஞ்ச். இதை இரண்டு முறை படியுங்கள். இன்சுலின் ஒரே செறிவில் வருவதில்லை. விலங்குகளுக்கென்று வரும் சில இன்சுலின்கள் யூ-40, அதாவது ஒரு மில்லிக்கு 40 யூனிட். மனிதர்களுக்கு வருவதும் பூனைகளுக்கு அதிகம் பரிந்துரைக்கப்படுவதுமான கிளார்ஜின் பெரும்பாலும் யூ-100. அதற்கு ஏற்ற சிரிஞ்சும் தனித்தனி. யூ-100 இன்சுலினை யூ-40 சிரிஞ்சில் 2 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 2 யூனிட் அல்ல, 5 யூனிட். நான்கு கிலோ பூனைக்கு அது உயிரோடு விளையாடுவது. மாற்றிச் செய்தால் 2க்குப் பதில் 0.8 தான் போகும், நோய் கட்டுப்படவே படாது. கடையில் சிரிஞ்ச் வாங்கும் ஒவ்வொரு முறையும் பாட்டிலையும் சிரிஞ்சையும் அருகருகே வைத்து எண்ணைப் பாருங்கள். வீட்டில் வேறு யாராவது போய் வாங்கி வந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்ச் கிடைத்தால், யூ-100 இன்சுலினுக்கு அதுதான் வசதி.

பாட்டிலைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். உறைபெட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம், உறைந்த இன்சுலின் பயன்படாது. கிளார்ஜினைக் குலுக்கக் கூடாது, அது தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தால் தூக்கிப் போடுங்கள். பால் போல இருக்கும் சில இன்சுலின்களை நன்றாகக் கலக்கினால்தான் மருந்து சீராகும். உங்கள் பாட்டில் எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊசி போடுவதைப் பலரும் நினைத்து நடுங்குகிறார்கள். அந்த ஊசி அவ்வளவு மெல்லியது, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பூனை பெரும்பாலும் தலையைக்கூடத் தூக்காது. விலாப்புறத் தோலைக் கூடாரம் போலத் தூக்கி, அதன் அடியில் குத்துங்கள்; பக்கத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஊசி தோலின் மறுபக்கம் வெளியே வந்து மருந்து ரோமத்தில் கொட்டிவிடுவதும் நடக்கும். ரோமம் நனைந்திருக்கும், மருந்து வாடை அடிக்கும். அப்போது என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்ய வேண்டாம். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாதபோது இன்னொரு முறை போடக் கூடாது. அடுத்த வேளை வழக்கமான அளவைப் போடுங்கள். ஒரு வேளை மறந்துபோனாலும் அப்படியே. இரண்டு வேளை மருந்தைச் சேர்த்துப் போடாதீர்கள். வீட்டில் இருவர் ஊசி போடுகிறீர்கள் என்றால், போட்டவுடன் குறித்து வைக்க ஒரு தாள் கட்டாயம் வேண்டும். அம்மா ஒருமுறை, மகன் ஒருமுறை என்று இரட்டை ஊசி போய், வலிப்போடு தூக்கி வரப்படும் பூனைகள் உண்டு.

பூனை சாப்பிடவில்லை என்றால் முழு அளவைப் போடாதீர்கள், மருத்துவரை அழையுங்கள். கொஞ்சம் குறைத்துப் போடுவதா, அந்த வேளையை விடுவதா என்பதைப் பூனையின் நிலையைப் பார்த்து அவர் சொல்வார். அதற்காக நாள்கணக்கில் நீங்களாகவே இன்சுலினை நிறுத்திவிடவும் கூடாது. இன்சுலின் இல்லாத உடல் கொழுப்பை எரித்து, இரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன் என்ற பொருட்களைப் பெருக்கும். வாந்தி, உணவு மறுப்பு, சுருண்டு படுத்தல், மூச்சில் நகப்பூச்சு நீக்கியின் வாடை இருந்தால் சர்க்கரை எண் எதுவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைதான். மேலே 380க்குப் பயப்பட வேண்டாம் என்றேனே, அது நன்றாக இருக்கும் பூனைக்கு மட்டும். நோயுற்றுக் கிடக்கும் பூனைக்கு அல்ல.

தாழ்சர்க்கரை எப்படித் தெரியும்? போதையில் நடப்பதுபோலத் தள்ளாடும், திடீரென்று பெரும்பசியோடு கத்தும், அல்லது இருட்டு மூலையில் ஒளிந்து வெறித்துப் பார்க்கும், தசை துடிக்கும், முற்றினால் வலிப்பு. கருவியைத் தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள். அறிகுறி இருந்தால் சர்க்கரை குறைந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு செயல்படுங்கள். விழுங்க முடிகிற பூனைக்கு வழக்கமான உணவோடு தேன் அல்லது குளுக்கோஸ் கரைசல் கொடுங்கள். விழுங்க முடியாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். கொஞ்சம் தேனை ஈறில் தடவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வலிப்பு வந்துகொண்டிருக்கும்போது பற்களுக்கு நடுவே விரலை விடாதீர்கள். தேன் கொடுத்துப் பூனை தெளிந்துவிட்டாலும் போகத்தான் வேண்டும். தேனின் வேகம் சிறிது நேரத்தில் அடங்கிவிடும், இன்சுலின் இன்னும் பல மணி நேரம் வேலை செய்துகொண்டிருக்கும். அறிகுறியே இல்லாமல் கருவி 60க்குக் கீழ் காட்டினாலும் உணவு கொடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்; அடுத்த வேளை ஊசியை அவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

சர்க்கரை தானாக இறங்குவதற்கு ஒரு நல்ல காரணமும் இருக்கிறது. பூனை முழுக்க முழுக்க இறைச்சி தின்று வாழ அமைந்த உயிர். மாவுச்சத்து நிறைந்த உலர் தீனியிலிருந்து, புரதம் அதிகமும் மாவுச்சத்து குறைவுமான ஈரத் தீனிக்கு மாற்றினால் இன்சுலின் தேவை வெகுவாகக் குறையும். நோய் தெரிந்த தொடக்க மாதங்களிலேயே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால், களைத்துப்போன கணையம் தேறி, இன்சுலினே தேவைப்படாத நிலைக்கு வரும் பூனைகள் நிறைய. என் தொழிலில் இதைவிட மகிழ்ச்சியான தருணங்கள் குறைவு. ஆனால் உணவை மாற்றுவதை மருத்துவரிடம் சொல்லாமல் செய்யாதீர்கள். பழைய அளவு இன்சுலினும் புதிய உணவும் சேர்ந்தால் லோ சுகர் வரும் ஆபத்து அதிகம். குண்டுப் பூனையைப் பட்டினி போட்டு மெலிய வைக்கவும் கூடாது, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அது வேறொரு ஆபத்தில் முடியும். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் போலக் குறைந்தால் போதும்.

வாய்வழி மருந்து கேட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பெக்ஸாக்ளிஃப்ளோஸின் மாத்திரைக்கும், 2023ல் வெலாக்ளிஃப்ளோஸின் திரவத்துக்கும் பூனைகளுக்காக அனுமதி கிடைத்தது. சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவது அவற்றின் வேலை. ஏற்கெனவே இன்சுலின் போட்டுவரும் பூனைக்கு இவை அனுமதிக்கப்படவில்லை. தவிர, சர்க்கரை எண் அழகாக இருக்கும்போதே இரத்தத்தில் கீட்டோன் ஏறி உயிருக்கு ஆபத்து வரலாம். இன்சுலினைவிட இலேசான வழி என்று நினைத்து யாரும் தாமாகத் தொடங்க வேண்டாம்.

அளவு கூடிக்கொண்டே போயும் சர்க்கரை இறங்கவில்லை என்றால், கோளாறு வேறெங்கோ இருக்கிறது. பல்லில் சீழ், சிறுநீர்த் தொற்று, கணைய அழற்சி, பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்து வளர்ச்சி ஹார்மோன் மிகுதல் என எதுவும் இன்சுலினைத் தடுக்கலாம். அந்த நேரத்தில் ஊசியின் அளவைக் கூட்டுவதைவிடப் பூனையை முழுதாகப் பரிசோதிப்பதுதான் பலன் தரும்.

இன்சுலின் நின்றுபோன பூனை இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. கருவியைப் பரணில் போட்டுவிடாதீர்கள், நோய் திரும்பி வரக்கூடியது. அவ்வப்போது ஒரு துளி பாருங்கள், மாதம் ஒருமுறை எடை பாருங்கள், தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு கண் வையுங்கள். வேறு மருத்துவரிடம் வேறு நோய்க்காகப் போனால், முன்பு சர்க்கரை இருந்தது என்பதை ஊசி மருந்தை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு நீண்டகால ஸ்டீராய்டு ஊசி போதும், நோய் மறுபடி தொடங்கிவிட.