உலகமயமாதலா, உலகமயமாக்கலா?

"உலகமயமாதலின் விளைவாக வளரும் நாடுகளில் புகையிலைப் பழக்கம் பரவியது." சென்ற வாரம் ஒரு மொழிபெயர்ப்பில் இந்த வாக்கியத்தைப் படித்தேன். இதே சாயலில் எத்தனையோ முறை படித்ததுதான். இந்த முறை கடந்துபோக மனம் வரவில்லை. ஏழு சொற்கள் கொண்ட வாக்கியத்தில் செயலைச் செய்தவர் ஒருவர்கூட இல்லை. பருவம் மாறியதுபோல், காய்ச்சல் தொற்றியதுபோல், எல்லாம் தானாக நடந்தது என்றே வாசகர் எடுத்துக்கொள்வார்.

'உலகமயமாதல்' என்று நாம் மொழிபெயர்க்கும் குளோபலைசேஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அடி, உருண்டையைக் குறிக்கும் 'குளோபஸ்' என்ற இலத்தீன் சொல். பிரெஞ்சுக்காரர்கள் உருண்டையை விட்டுவிட்டு, உலகம் என்ற பொருளுள்ள 'மோந்த்' என்பதிலிருந்து தங்கள் சொல்லை ஆக்கிக்கொண்டார்கள். நாமும் அந்த வழியில்தான் போயிருக்கிறோம். ஆங்கிலச் சொல்லை வணிக உலகில் பரவலாக்கியது 1983இல் அமெரிக்க வணிகவியல் பேராசிரியர் தியோடர் லெவிட் எழுதிய கட்டுரை. நிறுவனங்கள் ஒரே பொருளை ஒரே விதத்தில் உலகெங்கும் விற்கவேண்டும் என்பது அவர் வாதம். அதாவது, அந்தச் சொல்லைப் பிரபலமாக்கியவரே அதை நிறுவனங்கள் செய்யும் வேலையாகத்தான் பார்த்தார்.

'மயம்' வடமொழி ஒட்டு. நிறைந்தது, ஆனது என்று பொருள். பொன்மயம், இருள்மயம் என்று தமிழில் நெடுங்காலமாகப் புழங்குகிறது. இதை நீக்கி 'உலகமாக்கம்' என்று எழுதலாம் என்கிறார்கள் சிலர். தனித்தமிழில் எனக்கும் பற்று உண்டு. ஆனால் உலகமாக்கம் என்றால் உலகத்தைப் படைப்பது என்றல்லவா காதில் விழுகிறது! இலங்கை வழக்கில் உள்ள 'பூகோளமயமாக்கல்' பிழையில்லை, நீளம்தான் கூடுதல். 'உலகளாவல்' அழகான சொல். ஆனால் அளாவுவது யார் என்று கேட்டால் அதனிடம் விடை இல்லை. என் சண்டை 'மயம்' பற்றியதே அல்ல. அதற்குப் பின்னால் வரும் 'ஆதல்' பற்றியது.

தன்வினையையும் பிறவினையையும் ஒற்றை எழுத்தில் பிரித்துக்காட்டும் மொழி நம்முடையது. திருந்து–திருத்து, உருகு–உருக்கு, ஆகு–ஆக்கு. நெய் உருகியது என்றால் வெயில் காரணமாக இருக்கலாம். உருக்கினாள் என்றால் அடுப்பருகே ஒருத்தி நிற்கிறாள். ஆங்கிலச் சொல்லுக்கு இந்த வசதி இல்லை. தானாக நடந்தாலும் ஒருவர் நடத்தினாலும் அங்கே ஒரே வடிவம்தான். தமிழில் எழுதுபவர் உலகமயமாதல், உலகமயமாக்கல் என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். 'ஆதல்' நடுநிலையான சொல் என்று நினைத்து அதை எடுக்கிறார்கள். அது நடுநிலை அல்ல. செய்தவரை வாக்கியத்திலிருந்து வெளியே அனுப்பிவிடும் சொல் அது.

புகையிலையின் கதையையே பாருங்கள். 1902இல் ஓர் அமெரிக்க நிறுவனமும் ஒரு பிரிட்டிஷ் நிறுவனமும், ஒருவர் நாட்டில் மற்றவர் விற்பதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டு, மீதி உலகத்துக்காகப் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. கையெழுத்துப் போட்டு உலகைப் பங்கிட்டதை 'ஆதல்' என்று எப்படி எழுதுவது? 1980களில் அமெரிக்க அரசு தன் 1974ஆம் ஆண்டு வணிகச் சட்டத்தின் 301ஆம் பிரிவைக் காட்டி, சிகரெட் சந்தையைத் திறக்காவிட்டால் வணிகத் தடை விதிப்போம் என்று ஆசிய நாடுகளை அச்சுறுத்தியது. ஜப்பான், தைவான், தென்கொரியா ஆகியவை அடுத்தடுத்து வெளிநாட்டு சிகரெட்டுக்குக் கதவைத் திறந்தன. தாய்லாந்து மறுத்தது. வழக்கு, பன்னாட்டு வணிக ஒப்பந்தமான காட் (GATT) அமைப்புக்குப் போனது. இறக்குமதித் தடை செல்லாது, ஆனால் உள்நாட்டுப் பொருளுக்கும் வெளிநாட்டுப் பொருளுக்கும் பொதுவான விளம்பரத் தடை விதிக்கலாம் என்று 1990இல் தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு படியிலும் மனு கொடுத்தவர், மிரட்டியவர், பணிந்தவர், எதிர்த்தவர் என்று ஆட்கள் இருக்கிறார்கள். பிறகும் ஓயவில்லை. சுமார் 34 லட்சம் மக்களே உள்ள உருகுவே, சிகரெட் பெட்டியில் 80 விழுக்காட்டுப் பரப்பை எச்சரிக்கைக்கு ஒதுக்கச் சொன்னதற்காக, முதலீட்டு ஒப்பந்தம் ஒன்றைக் காட்டி பிலிப் மோரிஸ் என்ற சிகரெட் நிறுவனம் 2010இல் அதன்மீது வழக்குத் தொடுத்தது. 2016இல் உருகுவே வென்றது. தானாக நடக்கும் ஒன்றை எதிர்த்து யாரும் வழக்காடி வெல்ல முடியாது.

உலகில் புகையிலை பயன்படுத்துவோரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இருப்பதாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. இதைச் சொல்லவரும் கட்டுரைகளில் கூடவே வரும் வினைகளைக் கவனியுங்கள்: சந்தை விரிவடைந்தது, தேவை உருவானது, விளம்பரங்கள் பெருகின, வரி குறைந்தது. வரி எப்படித் தானாகக் குறையும்? ஆங்கில மூலத்தில் எழுவாய் மங்கலாக இருந்தது என்று மொழிபெயர்ப்பாளர் சொல்லலாம். மூலத்திலேயே செய்தவரின் பெயர் தெளிவாக இருந்தும் தமிழில் 'ஏற்பட்டது' என்று முடிக்கப்பட்ட பத்திகளை நான் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். 'ஏற்பட்டது' என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றியே தனியாக எழுதவேண்டும்.

'உலகமயமாதல்' கூடவே கூடாது என்று சொல்லமாட்டேன். 1, 2, 3 என்ற எண் குறியீடுகள் நாடு நாடாகச் சென்று எங்கும் பொதுவானதற்கு அது பொருந்தும். சிகரெட்டுக்குப் பொருந்தாது. நான் படித்த வாக்கியத்தை இப்படித் திருத்துவேன்: "வளரும் நாடுகளின் சந்தைகளை வணிக ஒப்பந்தங்களைக் கொண்டு திறக்கவைத்த சிகரெட் நிறுவனங்கள், அங்கே புகையிலைப் பழக்கத்தைப் பரப்பின."