அனோரெக்சியாவைப் 'பசியின்மை' என்று சொல்லலாமா?

அனோரெக்சியா நெர்வோசா என்ற பெயரை 1870களில் வைத்தவர் லண்டன் வைத்தியர் வில்லியம் கல். கிரேக்கத்தில் 'ஓரெக்சிஸ்' என்றால் பசி, நாட்டம். முன்னால் 'அன்' வந்தால் அது இல்லை என்றாகும். அதைத்தான் தமிழில் பசியின்மை நோய் என்று எழுதுகிறார்கள். அகராதிக்குச் சரி, நோயாளிக்குச் சரியில்லை. இந்த நோய் வந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் பசி இருக்கும், உடம்பு வைத்துவிடுமோ என்ற பயத்தில்தான் அதை அடக்கிக்கொண்டு சாப்பிடாமல் இருக்கிறது, ஆண்பிள்ளையும் இதில் அடக்கம். உண்மையாகவே சாப்பாட்டில் மனம் போகாத நிலைக்குச் சித்த வைத்தியத்தில் அரோசகம் என்று சொல் இருக்கிறது, செங்கமாரி வந்தவருக்கு வருகிறதே, அது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் வீட்டில் பசிக்கு டொனிக் வாங்கிக் கொடுப்பார்கள், வேறென்ன செய்வார்கள்?

'உணவுமறுப்பு நோய்' என்பது என் தெரிவு. அமெரிக்க மிஷனரி சாமுவேல் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த யாழ்ப்பாணத்து மானிப்பாய் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, சொல்லுக்கு நாங்கள் பஞ்சப்படக் கூடாது. ஆனால் யாழ்ப்பாணத்தில் மறுப்பு லேசில் தெரியாது. கந்தசஷ்டிக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் வீடே விரதம் இருக்கும்போது ஒரு பிள்ளை கோப்பையைத் தள்ளிவைத்தால் பக்தி என்றுதான் நினைப்போம்.

அப்புறம் புலிமியா. 'பூஸ்' எருது, 'லிமோஸ்' பசி, ஆக எருதுப் பசி. தனி நோயாக 1979இல் விவரித்தவர் ஜெரால்ட் ரசல். தமிழில் இதைவிடப் பெரிய விலங்கே இருக்கிறது: மணிமேகலையில் காயசண்டிகைக்குச் சாபத்தால் வந்த தீராப் பசியின் பெயர் யானைத்தீ. அதைத் தணித்த அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்று பலர் சொல்வார்கள். அழகான சொல், ஆனாலும் இங்கே பொருந்தாது. காயசண்டிகை தின்றதை வெளியேற்றவில்லை. புலிமியாவில் அளவுமீறித் தின்பது பாதிதான். பிறகு சத்தி எடுப்பது, பேதிமருந்து குடிப்பது, பட்டினி கிடப்பது என்று தின்றதற்கு ஈடுகட்டுவது மற்றப் பாதி. 'பெரும்பசி நோய்' என்ற வழக்கும் அந்தப் பாதியை விட்டுவிடுகிறது. 'உண்டு கழிக்கும் நோய்' என்றால் கொஞ்சம் கிட்ட வருகிறது.

அந்த மற்றப் பாதியை முதலில் காண்பவர் பல வேளைகளில் பல் வைத்தியர். எனாமல் என்கிற மிளிரி, பல்லின் மேற்பூச்சு, வாயில் பிஎச் 5.5 அளவுக்குக் கீழே இறங்கினால் கரையத் தொடங்கும்; பிஎச் என்பது அமிலத்தை அளக்கும் எண், அது குறையக் குறைய அமிலம் கூடும். இரைப்பை அமிலமோ அதைவிடப் பல மடங்கு கடுமையானது. திரும்பத் திரும்பச் சத்தி எடுப்பவருக்கு மேல்வாய் முன்பற்களின் உட்பக்கம், நாக்கு உரசும் பக்கம், மழுங்கிப் போகும். கண்ணாடியில் பார்த்தால் தெரியாத இடம். பிறகு கூச்சம் வரும், பல் நுனி மெலிந்து உடையும், காதுக்கு முன்னாலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கிக் கன்னம் உப்பும், மெலிந்த முகத்துக்கு அது ஒட்டாமல் நிற்கும். மெலிய வேண்டுமென்று நாள் முழுக்கத் தேசிக்காய்த் தண்ணி குடிப்பதும் பல்லை அரிக்கும், ஆனால் அமிலம் வரும் திசை வேறு. சத்தி எடுத்த கையோடு பல் துலக்கவும் கூடாது, இளகிய மிளிரியை பிரஷ் தேய்த்தெடுத்துவிடும். தண்ணீரில் அல்லது அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கொப்பளித்துவிட்டு கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும்.

எலும்பில் நடப்பது இன்னும் மறைவானது. ஒஸ்டியோபொரோசிஸ் என்பதில் 'ஒஸ்டியோன்' என்பு, 'போரோஸ்' துளை, எலும்புப்புரை என்ற தமிழ்ச்சொல் இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. கிழவிகளின் நோய் என்று நினைப்போம். ஆனால் எலும்பு தன் அடர்த்தியைச் சேர்த்துவைப்பது பதின்ம வயதிலும் இருபதுகளிலும், உணவுமறுப்பு நோய் பிடிப்பதும் அதே வயதில். எடை குறைந்து மாதவிடாய் நின்றால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் இறங்கும், கோர்ட்டிசோல் என்ற அழுத்த ஹோர்மோன் ஏறும், எலும்பு கட்டப்படுவது குறைந்து கரைவது கூடும். இருபது வயதுப் பிள்ளைக்குச் சும்மா ஓடியதில் காலெலும்பில் வெடிப்பு வருவதும் இப்படித்தான். கல்சியம் குளிசை மட்டும் இதற்குக் காணாது, மாதவிடாயை வரவைக்கக் கொடுக்கும் கருத்தடைக் குளிசையும் எலும்பைக் காப்பாற்றுவதில்லை. எடை திரும்பி மாதவிடாய் தானாக வர வேண்டும், அப்போதும் இழந்த அடர்த்தி முழுக்கத் திரும்பாமல் போகலாம். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கான் எடுத்தால் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும்.