வெளியே வந்தவர்கள் பேசட்டும், காலம் கடக்கும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒருவர், பல ஆண்டுகள் இருந்த ஆன்மிகக் குழுவை விட்டு விலகி, அங்கே நடந்ததை வாய் திறந்து சொன்னால் ஊர் என்ன பதில் தரும் என்பது எனக்கு மனப்பாடம். "சாமி விஷயம், நமக்கு ஏன் வம்பு?" "இவ்வளவு நாள் அங்கே சாப்பிட்டுவிட்டு இப்போது குறை சொல்கிறார்." "ஏதாவது பணத் தகராறாக இருக்கும்." பணத் தகராறாகவே இருக்கட்டும். அதனால் அவர் சொல்வது பொய்யாகிவிடுமா? பணம் கொடுத்தவர்தானே பணம் எங்கே போயிற்று என்று கேட்க முடியும்?

நான் இங்கே வழக்கறிஞராகத் தொழில் செய்கிறேன். நிலம், விவாகரத்து, சாலை விபத்து இழப்பீடு ஆகியவைதான் அன்றாட வேலை. நடுநடுவே, "மேடம், இது கேஸ் ஆகுமா என்று தெரியவில்லை" எனத் தயங்கித் தயங்கித் தொடங்குபவர்கள் வருகிறார்கள். அவர்களிடம் கேட்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். யாரையும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். குழுவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரே மாதிரியான கதையை இந்துக் குழுவிலிருந்து வந்தவரும் சொல்கிறார், கிறிஸ்துவ ஜெபக்கூட்டத்திலிருந்து வந்தவரும் சொல்கிறார்.

இப்படிப்பட்ட குழுக்களில் சேர்ந்தவர்களை ஏமாளிகள் என்று பேசுகிறவர்கள் தோட்டத்து வாழ்க்கையை மறந்துவிட்டார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின. லயத்து வீடுகளைக் காலி செய்தவர்கள் ஆளுக்கொரு தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு)ப் பிரிந்து போனார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒன்றாக நின்ற கூட்டம் சிதறிப்போயிற்று. அந்த வெற்றிடத்தில் வெள்ளிக்கிழமை பஜனை, அன்னதானம், எஸ்.பி.எம். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு டியூஷன், ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஒரு வேன் என்று ஒரு குழு வந்து நின்றால் மனிதர்கள் போகத்தான் செய்வார்கள். பெரும்பாலான குழுக்கள் நல்லவையே. அங்கே போய்க் குடியை விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய மனைவிமார் அந்தக் குழுவை வாழ்த்துவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த அன்பே கட்டாகவும் மாறிவிடலாம். ஏன் இத்தனை ஆண்டுகள் பொறுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டால், சாபத்துக்குப் பயந்தோம் என்று சிலர் சொல்கிறார்கள். அதைவிட அடிக்கடி என் காதில் விழுவது வேறு பதில்: "எங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் யார் வருவார்கள்?" பந்தல் போடுவது, பிணத்தைக் குளிப்பாட்டுவது, பதினாறாம் நாள் காரியம் வரை கூட நிற்பது எல்லாமே குழுவின் ஆட்கள்தான். விலகிப் பேசுகிறவர் இழப்பது ஒரு குருவை மட்டும் அல்ல என்பதை ஊரார் புரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவையும் இழந்துவிட்டு ஒருவர் பேச வருகிறார் என்றால், ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்கும் கடமை நமக்கு இருக்கிறது.

தோட்டத்தில் களையெடுத்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, ஒரு நாள் தம் மகளுடன் வந்தார். பையிலிருந்து எடுத்து வைத்தது ஒரு 555 குறிப்புப் புத்தகம். மளிகைக் கடைக் கணக்கு எழுதுவோமே, அந்தச் சின்னப் புத்தகம். ஒரு பக்கத்தில் அரிசி, சீனி, கோழி. எதிர்ப்பக்கத்தில் குரு பூஜை 50, ஆசிரம நிலம் 300, மகன் தோஷம் 1,200. ஒவ்வொன்றுக்கும் தேதி இருந்தது. ரசீது ஒன்றுகூட இல்லை. பணம் போனது குழுவின் பெயரில் இருந்த கணக்குக்கு அல்ல, பொருளாளரின் சொந்தக் கணக்குக்கு. வங்கி இயந்திரம் தந்த சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருந்தார். பாதிக்கு மேல் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டிருந்தது. (இதை வாசிப்பவர்கள் அப்படிச் சீட்டு வைத்திருந்தால் இன்றே நகல் எடுத்துவிடுங்கள்.)

மகள் இன்னொரு தாளையும் நீட்டினார். மலாயில் தட்டச்சு செய்த ஒரு பக்கக் கடிதத்தின் நகல். நான் முழு மனதுடன், எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இந்தத் தொகைகளைக் கொடுத்தேன், எக்காலத்திலும் திரும்பக் கேட்க மாட்டேன் என்பது அதன் சாரம். கீழே அம்மாவின் கையெழுத்து, அடையாள அட்டை எண். தேதிக்கான இடம் காலி. அம்மாவுக்கு மலாய் பேச வரும்; வாசிக்க வராது. "எல்லோரும் வரிசையில் நின்று போட்டார்கள், நானும் போட்டேன்" என்றார். அந்தக் கடிதம் இருப்பதால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்று குழுவில் ஒருவர் சொன்னதை அவரும் நம்பியிருந்தார்.

அது உண்மை இல்லை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, ஒருவருடைய மனத்தை ஆட்டிவைக்கும் நிலையில் இருப்பவர் அந்த நிலையைப் பயன்படுத்திப் பெறும் நியாயமற்ற ஆதாயத்தைப் பற்றிப் பேசுகிறது. பேரம் மனச்சாட்சிக்கு ஒவ்வாதது என்று மேலோட்டமாகவே தெரிந்தால், வற்புறுத்தல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு வாங்கியவருடையது. அன்பளிப்புக்கும் இதே கொள்கையை நீதிமன்றங்கள் நீண்ட காலமாகக் கடைப்பிடிக்கின்றன. குரு, சீடர் உறவு அந்தக் கொள்கையின் முதல் உதாரணங்களில் ஒன்று. அதில் அதிகம் பேசப்படுவதும் குழுவை விட்டு வெளியே வந்த ஒரு பெண்ணின் வழக்குதான்.

இங்கிலாந்தில் மிஸ் ஆல்கார்ட் என்ற பெண் 1871இல் ஓர் ஆங்கிலிக்கன் சகோதரிகள் சபையில் சேர்ந்தார். வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று விரதங்கள். தலைவியின் அனுமதி இல்லாமல் வெளியாள் எவரிடமும் ஆலோசனை கேட்கக் கூடாது என்பது சபையின் விதி. தம்மிடம் இருந்த சுமார் 7,000 பவுண்டு மதிப்புள்ள பணத்தையும் பங்குகளையும் தலைவி மிஸ் ஸ்கின்னரிடம் கொடுத்தார். 1879இல் விலகினார். எஞ்சியிருந்ததைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டது 1885இல். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1887இல் தீர்ப்பளித்தது. தலைவி தமக்காக ஒரு காசும் எடுத்துக்கொள்ளவில்லை, பணம் தர்மத்துக்கே போனது; இருந்தும், வெளி ஆலோசனைக்கு வழியில்லாத நிலையில் கொடுக்கப்பட்டது செல்லாது என்று கேட்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு இருந்தது என நீதிபதிகள் ஏற்றார்கள். ஆனாலும் அவர் தோற்றார். வெளியே வந்து, சுதந்திரமாக ஆலோசனை பெறக்கூடிய நிலையிலும் ஆறு ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டார் என்பதே காரணம்.

எங்கள் சட்டக் கல்லூரிப் பாடத்தில் எல்லோரும் படித்த வழக்கு இது. அன்று தேர்வுக்காகப் படித்தேன். இன்று என் மேசைக்கு எதிரே உட்காருபவர்களிடம், என்றைக்கு வெளியே வந்தீர்கள் என்று முதலில் கேட்பது இந்த வழக்கினால்தான். நம் நாட்டில் 1953ஆம் ஆண்டு காலவரைச் சட்டப்படி ஒப்பந்த வழக்குகளுக்கும், தீங்கியல் (பிறர் இழைத்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும்) வழக்குகளுக்கும் பொதுவான கெடு ஆறு ஆண்டுகள். மோசடி மறைக்கப்பட்டிருந்தால் கணக்கு வேறு மாதிரி ஓடும். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். விலகி வந்தவர்கள் வெட்கத்தில் இரண்டு ஆண்டு, ஊர் வாய்க்குப் பயந்து இரண்டு ஆண்டு, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று இரண்டு ஆண்டு எனக் கழித்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

குற்றவியல் பக்கத்தில் மோசடிக்கு 420, மிரட்டலுக்கு 506 என்ற பிரிவுகளைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். தண்டனைச் சட்டத்தின் 508ஆம் பிரிவை ஏறக்குறைய யாருக்கும் தெரியவில்லை. என் செயலால் நீயோ உன்னைச் சேர்ந்தவர்களோ தெய்வக் கோபத்துக்கு ஆளாவீர்கள் என்று ஒருவரை நம்பவைத்து, அவர் செய்யக் கடமைப்படாத ஒன்றைச் செய்யவைப்பதும், செய்ய உரிமையுள்ள ஒன்றைச் செய்யவிடாமல் தடுப்பதும் குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். "நான் சபித்தால் உன் பேரப்பிள்ளை தங்காது" என்று குரல் பதிவு அனுப்பியவர் இதை அறிந்திருக்க மாட்டார்.

மத சுதந்திரம் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு, ஒவ்வொரு சமயக் குழுவும் தன் சமயக் காரியங்களைத் தானே நடத்தும் உரிமையைத் தருகிறது. அதே பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் பற்றிய பொதுச் சட்டங்களுக்கு எதிரான எந்தச் செயலுக்கும் அது அனுமதி இல்லை என்கிறது. என்ன மந்திரம் சொல்கிறார்கள் என்பது நம் கவலை அல்ல. கணக்குக் கேட்டால் என்ன நடக்கிறது என்பதுதான் கவலை. நம் ஊர்க்காரரும் அமைச்சராக இருந்தவருமான துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கொடுத்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். கூட்டுறவுச் சங்கம் என்பதால் அதற்குக் கணக்கும் ஆண்டுக் கூட்டமும் சட்டப்படி உண்டு. பணம் சேர்த்துக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. கேள்வி கேட்டுக்கொண்டே கொடுப்பதும் புதிதல்ல. சங்கங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவான எந்த அமைப்பும் ஆண்டுதோறும் பதிவாளருக்குக் கணக்கைச் சமர்ப்பிக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டாலே முகம் சுளிக்கிற குழுவிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இனி, பேசுவது எப்படி என்பதற்கு வருகிறேன். என்னிடம் வருபவர்களில் பலர் முதலில் முகநூலில் எழுதிவிட்டு, பிறகு வக்கீல் நோட்டீஸோடு வருகிறார்கள். ஏழு நாளில் மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் இத்தனை லட்சம் என்று அதில் இருக்கும். உடனே பதிவை அழித்து, அவர்கள் எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு உண்மையை நிலைநாட்டுவது மிகவும் கடினம். நோட்டீஸ் தீர்ப்பு அல்ல. பதில் எழுதாமல், கையெழுத்துப் போடாமல், உறையோடு ஒரு வழக்கறிஞரிடம் கொண்டு போங்கள். கையில் பணம் இல்லையென்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் ஈப்போவில் இருக்கிறது.

வரிசை மாற வேண்டும். ஆதாரங்களைச் சேர்த்த பிறகு போலீஸ் புகார், பொதுவெளி அதற்கும் பிறகு. போலீஸ் புகாரில் எழுதியதற்காக உங்கள் மீது அவதூறு வழக்குப் போட முடியாது. அதற்கு முழுச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று நம் கூட்டரசு நீதிமன்றம் கூறியிருக்கிறது. தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் அது தனிக் குற்றம். அந்தப் புகாரின் நகலைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் பரப்பினால் பாதுகாப்பு கூடவே வராது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் தடுக்கி விழுவது அங்கேதான்.

பொதுவெளியில் பேசும்போது கண்டதைச் சொல்லுங்கள். "அவர் ஒரு திருடர்" என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்கப் பெரும்பாடு படவேண்டும். "இந்தத் தேதியில் 1,200 வெள்ளி கொடுத்தேன், ரசீது கேட்டேன், தரவில்லை" என்பதை உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையே நிரூபிக்கும். உண்மை என்பது சிவில் அவதூறு வழக்கில் நல்ல தற்காப்பு. தெய்வத்தையும் நம்பிக்கையையும் பழிக்காதீர்கள். உள்ளே இன்னும் இருப்பவர்கள் மனம் புண்பட்டு மேலும் இறுகிவிடுவார்கள், சட்டச் சிக்கலும் உங்களுக்கே வரும். அவர்களுடைய பெயர்களையும் இழுக்காதீர்கள். நேற்று வரை நீங்களும் அவர்களில் ஒருவர்தான். தொலைபேசியை மாற்றாதீர்கள், குரல் பதிவுகளை அழிக்காதீர்கள்.

இப்படிப் பேசுவதால் என்ன ஆகப்போகிறது என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஜப்பானைச் சொல்வேன். யூனிஃபிகேஷன் சர்ச் எனப்படும் குழுவுக்குச் சொத்தைக் கொடுத்துக் கெட்டவர்களுக்காக அங்கே வழக்கறிஞர்கள் 1987இலேயே ஒன்றுசேர்ந்தார்கள். முன்னாள் உறுப்பினர்கள் நீதிமன்றங்களில் பேசிக்கொண்டே இருந்தார்கள், நாடு கவனிக்கவில்லை. 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுட்டுக் கொல்லப்பட்டார். தன் தாய் அந்தக் குழுவுக்குப் பணத்தையெல்லாம் கொடுத்துக் குடும்பம் நொடித்துப்போனதே காரணம் என்றார் சுட்டவர். அந்தக் கொலையை எதுவும் நியாயப்படுத்தாது. அதன் பிறகுதான் அப்படி நொடித்த குடும்பங்களின் பிள்ளைகளுடைய குரல் காதில் விழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில், பயமுறுத்தி நன்கொடை வாங்குவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 2025 மார்ச்சில் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்த அமைப்பைக் கலைக்க உத்தரவிட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் சொன்னவர்களை ஒழுங்காகக் கேட்டிருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும்.

பிள்ளைகள் சம்பந்தப்பட்டது என்றால் ஆதாரம் சேரும்வரை காத்திருக்கவே வேண்டாம். 2024 செப்டம்பரில் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் ஒரு சமயக் குழுவுடன் தொடர்புடைய 20 இல்லங்களிலிருந்து 402 சிறுவர்களையும் இளையோரையும் காவல் துறை மீட்டது நினைவிருக்கும். சந்தேகம் இருந்தாலே 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணுக்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள்.

அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி: அம்மா இன்னும் உள்ளே இருக்கிறார், வீட்டை எழுதிக் கொடுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது, பிள்ளைகள் கேவியட் (சொத்தைக் கைமாற்ற விடாமல் நில அலுவலகத்தில் போடும் தடை) போடலாமா? பின்னால் வாரிசாக வரும் சொத்து என்ற எதிர்பார்ப்பு மட்டும் கேவியட்டுக்குப் போதாது. பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையும் அம்மாவுடையது, அவர் மனம் வைத்தால்தான் வழக்கு. அதனால் குருவைப் பற்றி அம்மாவிடம் வாதாடி வீட்டு வாசலை மூடிக்கொள்ளாதீர்கள். தீபாவளிக்கு அழையுங்கள், கிளினிக்குக் கூட்டிப்போங்கள். வீட்டு கிராண்ட் (உரிமைப் பத்திரம்) எங்கே இருக்கிறது, யாருக்காவது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளுங்கள். கட்டணம் கட்டி நில அலுவலகத்தில் தேடல் போட்டால் வீடு யார் பெயரில் இருக்கிறது என்பது தெரியும். வேலை செய்யும் பிள்ளைகள் எந்த நேரமும் பணம் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்கு ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதத்திலிருந்து இருக்கிறது; குழுவின் வசூல் அதன் மீதும் விழுகிறது. அம்மாவின் சேமநிதி நியமனத்தில் குழுவின் ஆள் யாருடைய பெயராவது இருந்தால், அதை அவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். முடியாது என்று அவரிடம் யாரோ சொல்லியிருப்பார்கள். முடியும் என்று நீங்கள் சொல்லுங்கள்.